திரும்ப விடக்கூடாத மீன்

ஆக்லாந்தில் சித்திரை பிறக்கும்போது மரங்கள் இலையுதிர்க்கின்றன. பஞ்சாங்கம் இளவேனில் என்கிறது. அந்நகரின் பாபடோயிட்டோய் பகுதித் தெருக்களிலோ நடைபாதை முழுக்க மஞ்சள் இலை. புத்தாண்டுக் காலையில், நான் விருந்தாளியாக இருந்த சிவபாலன் வீட்டு வாசலில் போட்டிருந்த கோலத்தின் மேல் அவை ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தன. செவ்வாய்க்கிழமை. அடுத்த ஆண்டின் இதே நாளில் நான் எங்கே இருப்பேன், என் மகள் எங்கே இருப்பாள் என்று யோசித்தபடி நின்றிருந்தேன்.

திருநெல்வேலியில் மருந்துக்கடை நடத்துகிறவன் நான். தேதி பார்க்காமல் எந்தப் பெட்டியையும் அலமாரியில் ஏற்றாத தொழில். அந்தப் பழக்கம் வாழ்க்கைக்குள்ளும் வந்துவிட்டது. ஊர் பார்க்கப் போகிறவர்கள் கோபுரத்தையும் துறைமுகத்தையும் எழுதுவார்கள். நான் ஊர் பார்க்கப் போகவில்லை. மகள் வித்யாவுக்காகப் போனேன்.

வித்யா இங்கே இரண்டு வருடம் படித்தவள். அந்தக் காலத்தில் சிவபாலனின் மகன் கஜனை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. படிப்பு முடிந்து சென்னையில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் அது மாறவில்லை. “அப்பா, நீங்க போய் அவங்க வீட்ல ஒரு வாரம் இருந்துட்டு வாங்க. மனசுல பட்டதைச் சொல்லுங்க. நீங்க சரின்னு சொல்லாம நான் எதுவும் செய்ய மாட்டேன்” என்றாள். மனைவி காலமான பிறகு எங்கள் குடும்பம் என்பது நாங்கள் இரண்டு பேர்தான். நான் சரி என்று சொன்னால் அவள் பாதி உலகம் தாண்டிக் குடியேறிவிடுவாள். வேண்டாம் என்று சொன்னால் வார்த்தை தவறமாட்டாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நாங்கள் சைவம். அவர்கள் யாழ்ப்பாணத்துக் கடற்கரைக்காரர்கள். சிவபாலன் தொண்ணூறுகளில் அகதியாக வந்து, விமான நிலையத்தின் சரக்குப் பகுதியில் இன்றுவரை ஷிப்ட் வேலை பார்க்கிறவர். எனக்காக லீவு எடுத்திருந்தார். அவர் மனைவி பத்மா எனக்கென்று சட்டி, அகப்பை, தோசைக்கல் எல்லாம் புதிதாக வாங்கி அடுக்கியிருந்தார். “பாருங்கோ அண்ணை, லேபிள் கூட உரிக்கேல்லை” என்று தலைகீழாகத் திருப்பிக் காட்டினார். அந்த வாரம் அந்த வீட்டின் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு மீன் துண்டுகூட இல்லை. இடியாப்பமும் சொதியும், கத்தரிக்காய்ப் பொரியலும் குழம்பும், புட்டும் வாழைப்பழமும். சொதி நம் ஊரிலும் உண்டு. எங்களுடையது கல்யாண மறுநாள் விருந்து, கெட்டியாக இருக்கும். அவர்களுடையது அன்றாட உணவு, மோர் போல நீர்க்க இருக்கும். பெயர் ஒன்று, பொருள் வேறு என்று நினைத்துக்கொண்டேன். சம்பந்தம் பேசப் போனவன் சாப்பாட்டிலிருந்தே சகுனம் பார்க்கத் தொடங்கிவிடுகிறான்.

“அண்ணைக்கு என்ன பாக்க விருப்பம்? எரிமலை இருக்கு, தீவு இருக்கு” என்று கேட்டார் சிவபாலன்.

“நான் வரலைன்னா லீவுல என்ன செய்வீங்களோ அதையே செய்யுங்க. நான் கூட வர்றேன்.”

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது. “ஐயோ, இவருக்கு லீவு எண்டா மீன் பிடிக்கிறதுதான் அண்ணை. அதுக்கு நீங்கள் போய் என்ன செய்யப்போறீங்கள்?” என்று பத்மா எட்டிப் பார்த்தார்.

சிவபாலன் தரையைப் பார்த்தார். நான் வருகிறேன் என்று சொன்னேன். ஒருவனை அறிய அவன் வேலையைவிட அவன் ஓய்வைப் பார்ப்பது நல்லது என்பது என் எண்ணம்.

வியாழக்கிழமை விடிந்ததும் தெற்கே கிளம்பினோம். நகரத்தின் கடைசி வீடுகள் முடிந்ததும் பாம்பே குன்று. நம் பம்பாயின் பெயர்தான். அந்தப் பெயர் கொண்ட கப்பலில் வந்து குடியேறியவர்கள் வைத்ததாம். சிவப்பு மண்ணில் வெங்காய வயல்கள். அதைத் தாண்டி இரண்டு மணி நேரம் பசும்புல் வெளி, மாடுகள், மறுபடி மாடுகள். போகிற வழியில் ஒரு மூலைக்கடையில் ரொட்டி வாங்கினோம். இங்கே மூலைக்கடைக்கு டெய்ரி என்று பெயர். கல்லாவில் இருந்த குஜராத்தி அம்மாள் என் ஸ்வெட்டரைப் பார்த்து, “இது போதாது, ஆற்றங்கரைக்கு இது போதாது” என்று இந்தியில் சொல்லித் தன் கணவருடைய பழைய தொப்பியை எடுத்துக் கொடுத்தாள். வாங்க மறுத்தால் வருந்துவாள் போலிருந்தது. போட்டுக்கொண்டேன்.

ஊற்றிலிருந்து பிறக்கும் ஆறு அது. அகலம் நம் வாய்க்கால் அளவுதான். ஆனால் தண்ணீர் அப்படித் தெளிந்திருந்தது. அடியில் பாசி ஒரு பக்கமாகத் தலைவாரியதுபோல் சாய்ந்திருக்க, அதன் நடுவே மீன் நிற்பது தெரிந்தது. நீந்தவில்லை, ஓட்டத்தை எதிர்த்து அப்படியே நின்றது.

“உதுதான் டிரௌட். இந்த நாட்டில மரியாதையான மீன். வெள்ளைக்காரன் வகுத்து வச்சிருக்கிறான் அண்ணை. டிரௌட், சால்மன் எல்லாம் துரைமாருக்கு. கெண்டை, டெஞ்ச் மாதிரி மிச்சமெல்லாம் கீழ்வகுப்பு.”

“மீனுக்குமா வருணம்?”

“எங்கட கடற்கரையில ரெண்டே சாதிதான். கறிக்கு ஆகும், கறிக்கு ஆகாது.” சொன்ன கையோடு என் சைவம் அவருக்கு நினைவு வந்துவிட்டது. “மன்னிக்கவேணும்” என்றார். அந்த வாரத்தில் அவர் என்னிடம் எத்தனை முறை மன்னிப்புக் கேட்டார் என்று கணக்கு வைக்கவில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் கண்ணாடிப் பாத்திரம்போல் கையாண்டுகொண்டிருந்தோம்.

இடுப்பளவு ரப்பர் காற்சட்டையோடு ஆற்றில் இறங்கினார். நூல் காற்றில் முன்னும் பின்னும் போய்வந்தது. இறகால் கட்டிய பொய்ப் பூச்சி தண்ணீரில் ஓசையில்லாமல் உட்கார்ந்தது. நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. நான் கரையில் ஒரு புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு படிக்காமல் இருந்தேன். இலைகள் வந்தன, போயின. பிறகு கோல் வளைந்தது.

மீனைக் கைவலையில் வாங்குவதற்கு முன் கைகளை ஆற்றில் நனைத்துக்கொண்டார். உலர்ந்த கை பட்டால் அதன் மேல்தோல் கெட்டுவிடுமாம். முள்ளைக் கழற்றி, தலை ஓட்டத்துக்கு எதிராக இருக்கும்படி இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு காத்திருந்தார். பக்கவாட்டில் ஒரு இளஞ்சிவப்புக் கோடு. செவுள் திறந்து மூடியது. திடீரென்று அது தானாகப் போயிற்று. அவர் கைகள் மட்டும் ஏந்தியபடி இருந்தன.

“கொண்டுபோகலாமே, சட்டம் தடுக்குதா?” என்று கேட்டேன்.

“இல்லை, கொண்டுபோகலாம். போகட்டும் எண்டு விட்டனான்.”

எனக்காகவா, அவர் வழக்கமே அதுவா என்று கேட்கவில்லை. ஆனால் அந்தக் கைகளை அன்று முழுதும் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்படி ஏந்தத் தெரிந்தவர் வீட்டில் என் மகள் இருந்தால் என்ன என்று தோன்றியது. ஆனால் வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் மனம் ஏதாவதொரு குறை தேடியது.

வெள்ளிக்கிழமை அவர் தூண்டிலைத் தொடுவதில்லை. அந்த வீட்டில் அன்று மீனும் சமைப்பதில்லை. நான் தனியாக மவுண்ட் வெல்லிங்டனுக்குப் போனேன். அங்கே கட்டட நிறுவனமொன்றில் வேலை பார்க்கும் கஜன் மதிய உணவுக்கு அழைத்திருந்தான். ரயில் நிலையம் போனால் ரயில் இல்லை. தண்டவாள வேலை, பதிலுக்குப் பேருந்து. பேருந்து ரயில் போகும் ஊர்களையெல்லாம் தேடித் தேடி, ரயிலைப்போலவே ஒவ்வொரு நிலையத்துக்கும் சுற்றிச் சுற்றிப் போயிற்று. எனக்கு முன்னால் இரண்டு கிழவிகள். ஒருத்தி சொன்னாள்: “என் முழங்காலைக்கூட இதைவிடச் சீக்கிரம் சரிசெய்துவிட்டார்கள்.” மற்றவள் மடியிலிருந்த பையிலிருந்து ஒரு பச்சைக் காயை எடுத்து எனக்கு நீட்டினாள். ஃபெய்ஜோவா. இலையுதிர்காலத்தில் இந்த ஊரில் எல்லார் வீட்டிலும் காய்த்துக் கொட்டுகிறது. யாரும் யாருக்கும் கொடுக்கிறார்கள். கொய்யாவும் அன்னாசியும் கூட்டுச் சேர்ந்தாற்போன்ற மணம். பாதியாக வெட்டிக் கரண்டியால் தோண்டித் தின்ன வேண்டும் என்று சைகை காட்டினாள். கரண்டி இல்லாததால் பல்லால் தோண்டினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது கஜன் தெரு ஓரத்தில், தூறலில் நின்றிருந்தான். உள்ளே போய் உட்கார்ந்திருக்கலாமே என்றேன். “இல்ல அங்கிள், நீங்கள் பஸ்ஸை விட்டு இறங்கி எந்தப் பக்கம் எண்டு தேடுவீங்கள்” என்றான். ஆங்கிலமும் தமிழும் கலந்துதான் பேசினான். தமிழில் பேச முயன்ற இடங்களில் குரல் கொஞ்சம் குழந்தையாகியது. நல்ல பிள்ளை. சாப்பாடு வருவதற்கு முன், “அங்கிள், உங்களிட்ட ஒண்டு சொல்லவேணும்” என்று ஆரம்பித்தான். தட்டு வந்தது. பரிமாறியவள் சட்னியைப் பற்றி ஏதோ கேட்டாள். “என்னப்பா சொல்ல வந்தே?” என்றேன். “பிறகு சொல்றன்” என்றான். நானும் விட்டுவிட்டேன். சம்பந்தம் பேசப் போன வீட்டில் துருவிக் கேட்பது அழகல்ல.

சனிக்கிழமை வைகாட்டோ ஆறு. வியாழக்கிழமை பார்த்ததற்கு நேர் எதிர். தாமிரபரணி வெள்ளக்காலத்தில் இருப்பதுபோல் அகலம், பழுப்பு. கரையெல்லாம் வில்லோ மரங்கள் கிளையை நீரில் தொங்கவிட்டிருந்தன. இங்கே ரப்பர் காற்சட்டை வேண்டாம், பொய்ப் பூச்சி வேண்டாம். மடக்கு நாற்காலி, தக்கை கட்டிய தூண்டில், டப்பாவில் மக்காச்சோளம். நனைத்த ரொட்டியை உருண்டை பிடித்து ஆற்றில் எறிந்தார். கோயில் தெப்பக்குளத்தில் பொரி போடுவதுபோல இருக்கிறதே என்றேன். “ஓம் அண்ணை, போடுறது ஒண்டுதான். நோக்கம்தான் வேற” என்று சிரித்தார்.

முதல் மீன் சீக்கிரமே வந்தது. தங்க நிறம், மேலே கறுப்புத் திட்டு. ஓட்டல் தொட்டிகளில் பார்த்த அலங்கார மீன்தான். அளவு மட்டும் என் முழங்கை நீளம். கோய் கெண்டை என்றார். “ஒரு நிமிசம் அண்ணை, நான் இதைப் பாத்திட்டு வாறன்” என்று கைவலையோடு தூக்கிக்கொண்டு கொஞ்சத் தூரம் கீழே, வில்லோ மரத்துக்குப் பின்னால், கார் நின்ற பக்கமாகப் போனார். திரும்பி வரும்போது வலை காலியாக இருந்தது. கைகள் கழுவி ஈரமாக இருந்தன. இரண்டாவது மீனுக்கும் அப்படியே. மூன்றாவதற்கும் அப்படியே. நாம் உட்கார்ந்திருக்கும் இடத்திலேயே விட்டால் மற்ற மீன்கள் மிரளும், அதனால் தள்ளிப் போய் விடுகிறார் என்று நானே விளக்கம் செய்துகொண்டேன். கேட்கவில்லை.

மதியம் பத்மா கட்டிக் கொடுத்த புளிச்சோற்றைச் சாப்பிட்டு முடித்த பிறகு நாலாவது வந்தது. அது மீன் மாதிரி இல்லை, ஆறு ஒரு பக்கம் இழுப்பது மாதிரி இருந்தது. சிவபாலன் நாற்காலியைத் தட்டிவிட்டு எழுந்தார். நெடுநேரம் கழித்து வலைக்குள் வந்தது. ஆரஞ்சு நிறம், வயிறு புடைத்து, வலை நிறைய. முள்ளைக் கழற்றிய கையோடு அவர் பையில் தொலைபேசி அடித்தது. சரக்குப் பகுதி மேலாளர். கரையில் சிக்னல் சரியாக இல்லை. “அண்ணை, வலையைக் கொஞ்சம் பிடிச்சிருங்கோ, தண்ணிக்குள்ளயே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு மேட்டில் ஏறினார்.

நான் குந்தி உட்கார்ந்து வலையின் பிடியைப் பிடித்திருந்தேன். மீன் அசைந்தால் கை அசைந்தது. இவ்வளவு பாரத்தை அவர் மரம்வரை தூக்கிப் போக வேண்டுமே என்று நினைத்தேன். வியாழக்கிழமை பார்த்தபடி கைகளை நனைத்துக்கொண்டேன். வலையின் விளிம்பைத் தாழ்த்தினேன். மீனின் தலையை ஓட்டத்துக்கு எதிராகத் திருப்பினேன். அது கொஞ்சம் நின்றது. பிறகு வாலை ஒரு தரம் அடித்து என் சட்டையை நனைத்துவிட்டுப் போயிற்று. எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை எழுத வெட்கமாக இருக்கிறது. அவர் மெச்சுவார் என்று எதிர்பார்த்தேன்.

“மீன் எங்க அண்ணை?”

“விட்டுட்டேன். உங்களை மாதிரியே, கையை நனைச்சுக்கிட்டு.”

அவர் முகத்தில் நிறம் மாறியது. ஆற்றைப் பார்த்தார். பிறகு சட்டென்று தூண்டிலைச் சுருட்டத் தொடங்கினார். நாற்காலியை மடக்கினார். “போவம்” என்றார். அந்த வாரத்தில் முதல்முறையாக என் மனம் நோகுமே என்று பார்க்காமல் ஒரு சொல் சொன்னார்.

கோபத்தில் பின்னால் எடுத்த கார் ஈரக் கரையில் புதைந்தது. சக்கரம் சுற்றச் சுற்றச் சேறு பறந்தது, வண்டி இறங்கிக்கொண்டே போயிற்று. இறங்கித் தள்ளியதில் நான் அந்தக் குஜராத்தித் தொப்பிவரைக்கும் சேறானேன். அப்போதுதான் சிவபாலன் பேசினார்.

“அண்ணை, கோய் கெண்டையைப் பிடிச்சா உயிரோட திரும்ப விடக்கூடாது. சட்டம். கொல்லவேணும். அடித்தரையைக் கிண்டி, பாசியை எல்லாம் பிடுங்கி, தண்ணியைச் சேறாக்கி வச்சிருக்கிறது உதுகள்தான். இப்ப போனது முட்டைக்காரி. லட்சக்கணக்கில போடும்.”

“அப்போ காலையில பிடிச்ச மூணு?”

அவர் காரின் பின்கதவைத் திறந்து குளிர்ப்பெட்டியின் மூடியைத் தூக்கினார். மூன்றும் ஐஸ் மேல் கிடந்தன. பக்கத்தில் ஒரு குறுந்தடி. மீனை ஒரே அடியில் கொல்வதற்கானது. கடைசிச் சடங்கு செய்கிறவர் என்பதால் அந்தத் தடிக்கு ஆங்கிலேயர்கள் பாதிரியார் என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்று எங்கோ படித்திருக்கிறேன். அதை அன்றுதான் நேரில் பார்த்தேன்.

“வீட்டில மரத்துக்கு அடியில புதைக்கிறது. நல்ல உரம். உங்களுக்கு முன்னால அடிக்க எனக்கு மனம் வரேல்லை. சைவக்காரர், சம்பந்தம் கதைக்க வந்தனீங்கள். அதான் ஒளிச்சனான்.”

அந்தச் சமயம் சேற்றுப் பாதையில் ஒரு திறந்த வண்டி வந்து நின்றது. ஓட்டிவந்தவர் இந்த மண்ணின் பூர்வகுடியான மாவோரிக்காரர், பக்கத்துப் பண்ணையில் இருப்பவர், வெறுங்கால். ஒன்றும் கேட்காமல் கயிற்றை எடுத்து எங்கள் காரின் அடியில் மாட்டினார். ஒரே இழுப்பில் வெளியே வந்தோம். கயிற்றைச் சுருட்டிக்கொண்டே ஆங்கிலத்தில் கேட்டார்: “இன்று ஏதாவது மாட்டியதா?”

மூன்று என்று சொல்லி முடித்திருக்கலாம். அவருக்கு வேறெதுவும் தெரியப் போவதில்லை. நான் சிவபாலனைப் பார்த்தேன். விட்டது நான்தான் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் சொன்னார்: “மூன்றைக் கொன்றோம். பெரியது ஒன்றை உயிரோடு விட்டுவிட்டோம். பிழை எங்களுடையது.”

அந்த மனிதர் கயிற்றை வண்டியில் போட்டார். ஆற்றைப் பார்த்தபடி நின்றார். “நான் சின்னப் பையனாக இருந்தபோது இந்த ஓரத்தில் இறங்கினால் கால்விரல் தெரியும்” என்றார். எனக்குத் தலை தாழ்ந்தது. அவர் கதவைத் திறந்து ஏறிக்கொண்டார். “சரி, அது ஊரை விட்டு எங்கேயும் போகாது. மறுபடி வந்து பிடியுங்கள். அந்தத் தொப்பியைத் துவைத்துப் போடுங்கள், மீன் பயந்துவிடும்.”

பாம்பே குன்று ஏறும்போது மழை பிடித்தது. கண்ணாடித் துடைப்பான் இரண்டு பக்கமும் போய்வந்தது. சிவபாலன்தான் தொடங்கினார். “நான் ஒவ்வொருக்காலும் மரத்துக்குப் பின்னால போனன். ஏன் எண்டு நீங்கள் ஒருக்காக் கூடக் கேக்கேல்லையே அண்ணை?”

“நீங்க சொல்லல. சொல்லாததைக் கேட்கக் கூடாதுன்னு இருந்தேன்.”

“நான் மரியாதைக்கு ஒளிச்சன். நீங்கள் மரியாதைக்குக் கேக்கேல்லை. இப்ப அவள் ஆத்துக்குள்ள முட்டையோட போறாள்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. அந்தச் சிரிப்பின் துணிச்சலில், பாதி வேடிக்கையாகத்தான் கேட்டேன்: “சரி, அந்த மரத்துக்குப் பின்னால இன்னும் என்னென்ன இருக்கு?”

சிரிப்பு நின்றது. குன்றின் மேலிருந்த பெட்ரோல் நிலையத்தில் வண்டியை ஒதுக்கி நிறுத்தினார். எஞ்சினை அணைத்தார்.

“கஜன் முந்தி ஒரு பொம்பிளைப் பிள்ளையோட இருந்தவன். இங்கத்தைப் பிள்ளை. ரெண்டு வருசம் ஒரே வீட்டில. கலியாணப் பதிவு எழுதேல்லை, தாலி கட்டேல்லை. பிறகு சரிவரேல்லை, பிரிஞ்சிட்டினம். எல்லாம் வித்யா இங்க வர முந்தி. உங்களிட்டச் சொல்லவேணும் எண்டு அவன் நிண்டவன். பத்மா, வேண்டாம், அண்ணை எழும்பிப் போயிடுவார் எண்டவ. நான் ரெண்டு பேருக்கும் தலையாட்டிக்கொண்டு நடுவில நிண்டனான்.”

“வித்யாவுக்கு?”

“அவவுக்கு முதலே தெரியும் அண்ணை. தெரியாதது உங்களுக்கு மட்டும்தான்.”

கண்ணாடிகளில் எங்கள் மூச்சு படிந்து வெளியே ஒன்றும் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை கஜன் சொல்ல வந்து நிறுத்தியது இதுதான். நான் வாய்விட்டுக் கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பான். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் யார்மேல் வைப்பது என்று தெரியவில்லை. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் ஆற்றங்கரையில், யாரும் பார்க்காத தவறைத் தன் வாயால் சொல்லி, என்னையும் காட்டிக்கொடுக்காமல் நின்ற மனிதர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு வித்யாவை அழைத்தேன். இங்கே பொழுது சாய்ந்திருந்தது, சென்னையில் அவளுக்குச் சாப்பாட்டு நேரம்.

“தெரியும்பா” என்றாள் உடனே.

“அப்புறம் ஏம்மா எங்கிட்ட சொல்லல?”

“வேண்டாம்னு சொல்ல ஒரு காரணம் தேடிக்கிட்டுத்தான் நீங்க பிளேன் ஏறினீங்க. அதை நானே எடுத்து ஏன் உங்க கையில குடுக்கணும்?”

நான் ஃபோனை மறு காதுக்கு மாற்றினேன்.

“நல்ல காரணமா இருந்தா நான் கேப்பேன்பா. சத்தியமா கேப்பேன். ஆனா இது இல்ல. உங்க காரணமும் இது இல்ல. எதுன்னு எனக்குத் தெரியும். அதை நீங்களா சொன்னாத்தான் நாம பேச முடியும்.”

நான் சாப்பிட்டாயா என்று கேட்டேன். தயிர்சாதம் என்றாள். வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை சிவபாலன் தயங்கித் தயங்கி வந்தார். “நாளைக்கு மறுநாள் நீங்கள் வெளிக்கிடுறீங்கள். இண்டைக்கு வீட்டிலயே இருப்பமோ?” ஆற்றுக்குப் போகலாம் என்றேன். அதே இடம். கார் புதைந்த பள்ளத்தில் தண்ணீர் தேங்கியிருந்தது. இந்த முறை வண்டியை மேட்டிலேயே நிறுத்தினார். ரொட்டி உருண்டைகளை நான் பிடித்துக் கொடுத்தேன். என் உருண்டைகள் தண்ணீரைத் தொடுவதற்குள் உடைந்தன. “அண்ணை மருந்துக்கடைக்காரர்தானே, மாத்திரை உருட்டத் தெரியாதோ?” என்றார். நேற்றுவரை அவர் என்னை இப்படிக் கிண்டல் செய்ததில்லை.

தக்கை அசையாமல் நின்றது. நான் ஆற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்: “உங்க பையன்மேல எனக்குக் குறை ஒண்ணும் இல்லைங்க. அந்தப் பொண்ணு விஷயம்கூட ஒரு ராத்திரி வலிச்சுது, அவ்வளவுதான். இவ வந்துட்டா அங்க நான் ஒருத்தன். கடையைப் பூட்டிட்டு வீட்டைத் திறந்தா யாரும் இருக்க மாட்டாங்க. அதான் குறை. அதுக்குத்தான் ஒரு வாரமா உங்க வீட்ல ஒவ்வொண்ணா நோட்டம் விட்டுட்டு இருந்தேன்.”

அவர் ஆறுதல் சொல்வார் என்று நினைத்தேன். நாங்கள் இருக்கிறோம், ஃபோன் இருக்கிறது, வருடத்துக்கு ஒரு தடவை வருவார்கள் என்பதுபோல. அவர் சொல்லவில்லை.

“ஓம். அது அப்பிடித்தான் இருக்கும்” என்றார். கொஞ்சம் கழித்து, “நான் வெளிக்கிட்டு வரேக்குள்ள அம்மா அங்க தனிய. ஒவ்வொரு ஃபோனிலயும் ‘சுகமாத்தான் இருக்கிறன் ராசா’ எண்டவ. நானும் நம்பினன். உண்மையைச் சொல்லியிருந்தா எப்பிடியும் ஒருக்காப் போயிருப்பன்.”

அவர் தூண்டிலை இழுத்து முள்ளில் புதிய சோளத்தைக் குத்தினார். நான் இன்னொரு ரொட்டி உருண்டையைப் பிடித்துக் கொடுத்தேன்.

மதியத்துக்கு மேல் ஒரு கெண்டை வந்தது. நேற்றுப் போனவள் அல்ல. சின்னது, வெள்ளையில் ஆரஞ்சுத் திட்டு. அவர் வலையில் வாங்கி, பழக்கத்தில் மரத்தின் பக்கம் இரண்டு அடி வைத்தார். நின்றார். என்னைப் பார்த்தார்.

“இங்கேயே செய்யுங்க” என்றேன்.

புல்லில் ஈரத்துணியை விரித்து மீனைப் படுக்க வைத்தார். நான் முகத்தைத் திருப்பவில்லை. தலையை ஒரு கையால் அமர்த்தி, கண்ணுக்குப் பின்னால் ஒரே அடி. வியாழக்கிழமை டிரௌட்டை ஏந்திய அதே கைதான். அதே கவனம்தான். உடம்பு முழுதும் ஒரு நடுக்கம் ஓடி அடங்கியது. என் கலக்கத்தை மறைக்கவில்லை, நாற்காலியில் உட்கார்ந்து தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். அவர் தண்ணீர் போத்தலை நீட்டினார். “பாக்க ஏலாட்டிப் பாக்காதேங்கோ. ஆனா நடக்கிறது தெரிஞ்சிருக்கட்டும்” என்றார்.

தண்ணீரைக் குடித்துவிட்டு நிமிர்ந்தேன். “ஆடி வேண்டாம். ஆவணியில வச்சுக்கலாம். திருநெல்வேலியில. முதல்ல அவகிட்ட சொல்லிடுறேன், அதுவரைக்கும் நீங்க வீட்ல சொல்லக் கூடாது.”

அவர் தடியைக் கீழே வைத்தார். பிறகு விரல் மடக்கி மாதம் எண்ணினார். “ஆவணி எண்டா ஆகஸ்ட், செப்டெம்பர். டிரௌட் ஓடையள் கனக்க அப்ப மீன் பிடிக்க விடாமப் பூட்டியிருக்கும் அண்ணை. எனக்கு இங்க ஒரு வேலையும் இல்லை” என்றார். திரும்பி நின்று ஆற்றில் கைகழுவத் தொடங்கினார், தேவைக்கு மேல் நேரம் எடுத்துக்கொண்டு.

மாலையில் வித்யாவை அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

“நீ போயிட்டா எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கும்மா” என்றேன்.

“அதுதான் காரணமாப்பா?”

“ஆமா. அதுதான். வேற எதுவும் இல்ல.”

“அப்போ…?”

“சரின்னுதான் சொல்றேன். கஷ்டமா இருக்கும்ங்கிறதையும் சேர்த்துச் சொல்றேன்.”

அவள் அழுதாள். நான் வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.